பை மட்டும் தூத்துக்குடி வந்த விவரம்

சௌடேஸ்வரி அம்மன் துணை

அருப்புக்கோட்டை,
1969, வைகாசி மாதம்,
புதன்கிழமை காலை.

என் மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் திம்மையா அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் சென்னகேசவன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் தங்கை பஞ்சம்மாளும் பிள்ளைகள் மூவரும் உயிரோடு இருக்கிறோம். அங்கு தாங்களும் தங்கள் வீட்டு அக்காவும் அப்படியே இருக்க அம்மன் அருள வேண்டும். 'நலமாக இருக்கிறோம்' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். தங்கள் கார்டை இன்னொரு தரம் படித்த பிறகு அந்தச் சொல் கைக்கு வர மறுக்கிறது.

'பஸ்ஸில் பை வந்தது, ஆட்களைக் காணோம். பஸ் ஸ்டாண்டில் நானும் என் மனைவியும் நின்று நின்று கால் கடுத்து, என்ன ஆனதோ ஏது ஆனதோ என்று பயந்து செத்தோம். நீரெல்லாம் ஒரு குடும்பஸ்தரா?' என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதுங்கள், உரிமை உண்டு. ஆனால் கார்டிலா எழுதுவது? ஒரு கவரில் போட்டு ஒட்டியிருக்கக் கூடாதா? எங்கள் தபால்காரர் தெருமுனையில் தங்கசாமி அண்ணாச்சி மளிகைக் கடையில் நின்று அதை முழுக்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் என் வீட்டுக்கு வந்தார். அன்று சாயங்காலம் சீனி வாங்கப் போன என்னைப் பார்த்து அண்ணாச்சி, "ஏன் சென்னகேசவா, நீ குடும்பஸ்தனான்னு ஒம் மச்சான் கேட்டிருக்காகளே, என்ன பதில் எழுதப் போற?" என்கிறார். கடையில் இருந்த அத்தனை பேரும் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். வீட்டில் நாம் பேசுவது கன்னடமானாலும் ஆத்திரத்தை எழுதுவதற்குத் தமிழ்தான் தோதாக இருக்கிறது என்பதால், நடந்ததை நடந்தபடி தமிழில் எழுதுகிறேன். உட்கார்ந்து படிக்கவும்.

முதலில், இந்தக் கடல் யோசனை என்னுடையது அல்ல, தங்களுடையது. சித்திரையில் ஒரு கார்டு போட்டீர்கள். 'அம்மா போனதிலிருந்து பஞ்சு யாரிடமும் மனம் விட்டுப் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். பிள்ளைகளுக்கும் லீவுதானே, எல்லோரையும் கூட்டிக்கொண்டு வாரும், ஒரு வாரம் கடல் காற்றுப் பட்டால் சரியாகும்' என்று. கேள்விப்பட்டது நிஜம். அத்தை ஐப்பசியில் போனார்கள். அதிலிருந்து தங்கள் தங்கை தறிக்கு நூல் தார் சுற்றுவாள், சோறு வடிப்பாள், பிள்ளைகளுக்குத் தலை வாருவாள், ஒரு சொல் பேசமாட்டாள். முன்னெல்லாம் நான் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தால் அடுப்படியில் இருந்தே என்னைக் கன்னடத்தில் ஏசிக்கொண்டிருப்பாள். இப்போது தறிச் சத்தம் மட்டும்தான். அதனால் நானும் மறுபேச்சுப் பேசாமல் சரி என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

அந்தக் கார்டையும் தெரு படித்துவிட்டது. நாங்கள் துணி மூட்டை கட்டுவதற்கு முன்பே ஆளாளுக்கு வந்து உத்தரவு போட்டுவிட்டுப் போனார்கள். ஒருவருக்குச் சங்கு வேண்டும், ஒருவருக்கு மக்ரூன் வேண்டும், ஒருவருக்குக் கருவாடு வேண்டும். மாமிசம் புழங்காத வீட்டில் கருவாட்டு மூட்டையை எங்கே வைப்பது என்று கேட்டால், "வாசல்ல வச்சுக் குடுங்க போதும்" என்கிறார்கள். அண்ணாச்சியின் சம்சாரம் முத்துமாரியம்மாள் ஒரு காலி மண்ணெண்ணெய் பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்து, "கடைக்குக் கண்திட்டி பட்டுப்போச்சு தம்பி, கடத்தண்ணி தெளிச்சாத்தான் போகும், ஒரு பாட்டில் மோந்துட்டு வாங்க" என்று வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

சரி, அதுவும் போகட்டும். பிள்ளைகளைத் தண்ணீருக்குக் கூட்டிப் போகிறோமே, நீச்சல் தெரியாத பிள்ளைகளாயிற்றே என்று ஒரு தகப்பன் யோசிப்பது குற்றமா? எங்கள் தெருக் குழாயைத் திருகினால் முதலில் காற்று வரும், பிறகு ஒரு சீட்டிச் சத்தம் வரும், அதோடு சரி. கண்மாயில் மாடு மேய்கிறது. நீச்சலை எங்கே பழக்குவது? நடுவீட்டில் பாயை விரித்து, மூத்தவள் சௌடம்மாளையும் நடுவுள்ளவன் அப்பய்யாவையும் குப்புறப் படுக்கப்போட்டுக் கையையும் காலையும் ஆட்டச் சொல்லிப் பழக்கினேன். பஞ்சர் கடையில் சொல்லி ஒட்டுப்போட்ட லாரி டியூப் ஒன்றைக் காற்றடித்து வாங்கி வந்தேன். அதுதான் நான் செய்த பிழை. அப்பய்யா அந்த டியூப்பை இடுப்பில் மாட்டியவன் சாப்பிடும்போதும் கழற்றவில்லை. ஒருநாள் விடிந்ததும் வாசலில் ஓடியிருக்கிறான். எதிர்வீட்டு லிங்கய்யா தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார். முகூர்த்தச் சேலைக்கான நீலப் பாவு. காற்றில் அது மெதுவாக ஏறி இறங்கியிருக்கிறது. இவன் பார்த்தான். "அக்கா, அலை!" என்று கத்தியபடி டியூப்போடு நடுப்பாவில் விழுந்தான். இழைகள் பட்பட்டென்று அறுந்த சத்தம் தறிக்குழியில் இருந்த எனக்கே கேட்டது. லிங்கய்யா போட்ட கூச்சலைத் தங்களுக்கு எழுத முடியாது, இதைக் குழந்தைகளும் படிக்கக்கூடும். அறுந்த இழைகளை எல்லாம் நான்தான் தெருவில் குத்தவைத்துப் பிணைத்துக் கொடுத்தேன். கடலில் கால் வைக்கவில்லை, அதற்குள் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

அடுத்தது மூட்டை முடிச்சு. ஒரு வாரத்துக்கு ஒரு குடும்பத்துக்கு என்ன வேண்டும்? தங்கள் தங்கை வாயால் எதுவும் சொல்லவில்லை, கையால் கட்டிக்கொண்டே போனாள். பாய், ஜமுக்காளம், சின்னவள் தூளியில்தான் தூங்குவாள் என்பதால் தூளிச் சேலை, அதைக் கட்டத் தங்கள் வீட்டில் விட்டம் இருக்கிறதோ இல்லையோ என்று ஒரு மூங்கில் கழி. இதற்கு மேல் இரண்டு குடம் தண்ணீர். ஆம், தண்ணீர்தான். உப்புக் காற்று அடிக்கிற ஊரில் தண்ணீர் பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாதாம். குடிக்கத் தண்ணீர் இல்லாத அருப்புக்கோட்டையில் வரிசையில் நின்று பிடித்த தண்ணீரை, வாயில் துணி கட்டிக் கடலுக்குச் சுமந்துகொண்டு போகிற குடும்பம் இந்த ஜில்லாவிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

போன வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். என் துணிப்பையை முதலில் பஸ் கூரையில் ஏற்றிவிட்டேன். அந்தப் பையில்தான் என் வேட்டி சட்டை எல்லாம் இருந்தன. அடுத்துக் குடத்தைத் தூக்கியதும் கண்டக்டர் மறித்தார்.

"இது என்னய்யா?"

"தண்ணி."

"எங்க போறீக?"

"கடலுக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணியத் தூக்கிக்கிட்டுத் தண்ணியப் பாக்கப் போறீகளாக்கும்? குடத்த வச்சுட்டு ஏறுங்க, இல்லன்னா குடத்தோட நில்லுங்க."

நான் தங்கள் தங்கையைப் பார்த்தேன். அவள் குடத்தைப் பார்த்தாள். அப்பய்யாவின் டியூப் பஸ் வாசலில் நுழையவில்லை, அவனோ டியூப்பை விட்டு வெளியே வர மறுத்தான். பின்னால் நின்றவர்கள் எங்களைத் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். விசில் ஊதினார்கள். பஸ் போயிற்று, என் பையும் போயிற்று. தங்களுக்கு வந்து சேர்ந்தது அந்தப் பைதான். அதைத் தங்களிடம் ஒப்படைத்த அதே கண்டக்டர், 'குடத்தோடு நிற்கிறார்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தாங்கள் பயந்திருக்க வேண்டாம், நானும் இந்தப் பேச்சுக் கேட்டிருக்க வேண்டாம்.

அங்கே அப்படி நிற்கும்போதுதான் அண்ணாச்சியின் லாரி வந்தது. உப்பு ஏற்றத் தூத்துக்குடிக்குக் காலியாகப் போகிற லாரி. டிரைவர் இருளாண்டி எனக்குப் பழக்கம். "வாங்கண்ணே, சும்மாதான போறேன், ஏறுங்க" என்றான். தங்கள் தங்கையும் சின்னவளும் முன்னால் ஏறிக்கொண்டார்கள். நானும் மற்ற இரண்டும் குடங்களும் பின்னால். பந்தல்குடி வரைக்கும் வெயில் மண்டையைப் பிளந்தது. பந்தல்குடி தாண்டியதும் வானம் கருத்தது. மச்சான், எங்கள் பக்கத்தில் மழைக்காகக் கழுதைக்குக் கல்யாணம் செய்து பார்த்தோம், கொடும்பாவி இழுத்துப் பார்த்தோம், ஒரு சொட்டு விழவில்லை. நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு திறந்த லாரியில் போகிற அன்றைக்குத்தானா அந்த மழை வர வேண்டும்? கல்லை அள்ளி எறிகிற மாதிரி கொட்டியது. கொஞ்ச தூரம் போனதும் லாரி நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால், தரைப்பாலத்துக்கு மேல் ஓடை புரண்டு போகிறது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும், கரிசல் காட்டுக்குள்ளும், கண்ணுக்கு எட்டிய மட்டும் கலங்கல் தண்ணீர். முன்னால் ஏழெட்டு லாரிகள் நிற்கின்றன.

"வடிஞ்சாத்தாண்ணே போக முடியும்" என்றான் இருளாண்டி.

மழை விட்டது. அப்பய்யா லாரியின் பக்கப் பலகை மேல் ஏறி நின்று பார்த்தான். அவன் பிறந்ததிலிருந்து அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. "கடலு! அக்கா, கடலு வந்துருச்சு!" என்று ஊரே கேட்கக் கத்தினான்.

"ஏலே, கடல் இல்லடா, ஓடை" என்றேன் நான்.

"நீங்க கடலப் பாத்திருக்கீகளாப்பா?"

கேட்டானே ஒரு கேள்வி, மச்சான்! நான் மதுரைக்கு வடக்கே போயிருக்கிறேன், சேலம் வரைக்கும் பாவு நூல் வாங்கப் போயிருக்கிறேன். கடல் இருக்கிற திக்கில் எனக்கு ஜோலி இருந்ததில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் இருளாண்டி கீழே இருந்து, "கடலுதாந் தம்பி! பெரிய கடலு அங்கிட்டு இருக்கு, இது அதோட பிள்ளை" என்றான். அவனுக்கு விளையாட்டு. அதற்குப் பிறகு என் பேச்சு எடுபடவில்லை. இரண்டும் குதித்து இறங்கி ஓடிவிட்டன. நின்ற லாரிகளில் இருந்தும் வண்டிகளில் இருந்தும் இறங்கிய சனங்கள் ஓரத்தில் கால் நனைத்தார்கள். பந்தல்குடியில் இருந்து ஒருத்தி அவித்த கடலைக் கூடையோடு வந்து சேர்ந்தாள், ஐஸ் பெட்டிக்காரன் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு வந்தான். எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

சௌடம்மாள் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ஓரத்திலேயே நின்றாள். அப்பய்யா டியூப்போடு உள்ளே உள்ளே போனான். இழுப்பு இருக்கிற தண்ணீராயிற்றே! "வாடா வெளியே" என்று கத்திக்கொண்டு இறங்கினேன். கரிசல் சேறு காலை வாரிவிட்டது. தொடை அளவுத் தண்ணீர்தான், ஆனால் விழுந்தவனுக்கு அது கடல்தான். மூக்கிலும் வாயிலும் தண்ணீர். எது மேல் எது கீழ் என்று தெரியவில்லை. பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று ஒரு நினைப்பு ஓடியது, பொய் சொல்லவில்லை, கதிகலங்கிப் போனேன். அப்போது ஏதோ வழுவழுவென்று முகத்தில் மோதியது. டியூப். பிடித்துக்கொண்டேன். மறுபக்கத்தில் அதைக் கழற்றித் தள்ளிவிட்டு ஒரு கருவேலங் கிளையைப் பிடித்தபடி என் மகன் நின்று, "அப்பா, கையக் கால ஆட்டுங்க! நீங்கதான சொல்லிக் குடுத்தீக!" என்று கூச்சல் போடுகிறான். இருளாண்டி ஓடிவந்து அவனை ஒரு கையிலும் டியூப்பை ஒரு கையிலும் பிடித்து இழுத்துக் கரையில் போட்டான். நான் எழுந்து நின்றேன். நின்ற பிறகுதான் தெரிந்தது, என் வேட்டி என்னோடு எழவில்லை. அது தூரத்தில் வெள்ளையாக, அவசரமே இல்லாமல், கிழக்கே போய்க்கொண்டிருந்தது. எந்த ஓடையும் கடைசியில் கடலுக்குத்தானே போகிறது? நான் வந்து சேராவிட்டாலும் என் வேட்டி அந்தப் பக்கம் வந்திருக்கும். கரை சிவப்பு, அகலக் கரை. கண்டால் எடுத்து வைக்கவும்.

இனிமேல்தான் நான் பொறுக்க முடியாத சங்கதி. லாரிக்காரர்கள் சிரித்தார்கள், சரி, அவர்கள் யாரோ எவரோ. கடலைக்காரி சிரித்தாள், அதையும் விடுங்கள். தங்கள் தங்கை சிரித்தாள். சும்மா புன்சிரிப்பு அல்ல. லாரி மட்கார்டைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "நடுரோட்டுல நிக்கிறாகளே! ஐயோ, அம்மா இருந்து பாத்திருக்கணுமே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு அப்படியே உட்கார்ந்து அழுதாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, மறுபடியும் சிரித்தாள். ஒரு மனைவி செய்கிற காரியமா இது? ஐப்பசிக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை. அதைக் கேட்பதற்கு என் வேட்டிதான் போக வேண்டியிருந்ததா என்பதே என் கேள்வி. ஜமுக்காளத்தை எடுத்து என் இடுப்பில் சுற்றிவிட்டது அவள்தான், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சாயங்காலம் தண்ணீர் வடிந்தது. இருளாண்டி, "ஏறுங்கண்ணே, போவோம்" என்றான். எப்படி வருவது? மாற்று வேட்டி எல்லாம் பையில் தூத்துக்குடியில் இருக்கிறது. பெண் கொடுத்த வீட்டு வாசலில், கோடு போட்ட ஜமுக்காளத்தைக் கட்டிக்கொண்டு, சேற்றுத் தலையோடு நான் வந்து இறங்குவதா? எனக்கு என்று ஒரு கௌரவம் இல்லையா? பிள்ளைகளும் "கடலத்தான் பாத்தாச்சே, வீட்டுக்குப் போவோம்" என்றுவிட்டன. எதிரே தூத்துக்குடியில் இருந்து உப்பு லோடு வந்தது. அந்த மூட்டைகள் மேல் ஏறி ஊர் திரும்பினோம். முழங்காலில் அடிபட்ட இடமெல்லாம் உப்பு பட்டுத் திகுதிகுவென்று எரிந்தது. கடலைக் கண்ணால் பார்க்காதவனுக்குக் கடல் செய்த மரியாதை இது.

தகவல் சொல்லவில்லை என்று கோபிக்கிறீர்கள். மறுநாளே தந்தி கொடுக்கப் போனேன். சுருக்கமாகச் சொல்லுங்கள் என்றார்கள். இதைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? 'வேட்டி போனது, வரவில்லை' என்று அடித்திருந்தால் தங்களுக்கு என்ன விளங்கியிருக்கும்? திரும்பி வந்து காய்ச்சலில் படுத்துவிட்டேன்.

நான் படுத்திருந்த நேரத்தில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது, சென்னகேசவன் பிள்ளைகள் கடலைப் பார்த்துவிட்டு வந்தார்கள் என்று. கடல் காப்பி நிறத்தில் இருக்கும், நடுவில் கருவேல மரம் நிற்கும், லாரிகள் கரையில் வரிசையாக நிற்கும் என்று அப்பய்யா தெருப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறான். முத்துமாரியம்மாள் கொடுத்த பாட்டிலிலும் அந்த ஓடைத் தண்ணீரையே மொண்டு கொடுத்திருக்கிறாள் மூத்தவள். அந்த அம்மாள் கடையெல்லாம் தெளித்த பிறகு ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு என் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "உப்பே இல்லையே தம்பி?" நான் படுக்கையில் இருந்து எழுவதற்குள் அப்பய்யா பதில் சொல்லிவிட்டான். "உப்பத்தான் ஒங்க லாரியில அள்ளிட்டு வந்துட்டீகளே, அப்புறம் எப்பிடி இருக்கும்?" அந்த அம்மாள் யோசித்துப் பார்த்து, "அதுஞ் சரிதான்" என்று போய்விட்டார்கள். அது ஓடை என்று நான் ஒருவன் சொல்கிறேன், ஒருவரும் நம்பவில்லை. என் பக்கம் பேச வேண்டிய தங்கள் தங்கையோ, "கடலோ கம்மாயோ, பிள்ளைக சந்தோசமா இருந்துச்சுகள்ல, விடுங்க" என்கிறாள்.

ஆகையால் மச்சான், தீர்மானமாகச் சொல்லிவிடுகிறேன். இனிமேல் இந்த வீட்டில் கடல் என்ற பேச்சு வேண்டாம். கார்டும் வேண்டாம், கவரும் வேண்டாம், கடல் காற்றும் வேண்டாம். பிள்ளைகளுக்குக் கடல் பார்த்த திருப்தி வந்தாயிற்று, எனக்குப் பார்க்காமலே வந்தாயிற்று. பையைத் தெரிந்த ஆளிடம் கொடுத்தனுப்பவும். நான் குடும்பஸ்தனா இல்லையா என்பதை மேலே கண்ட விவரங்களைப் படித்துத் தாங்களே முடிவு செய்துகொள்ளவும்.

அக்காவுக்கு என் கும்பிடு. அன்றைக்கு எங்களுக்காக ஆக்கி வைத்த சோறு வீணாகப் போனதற்கு அவர்களிடம் மட்டும் வருத்தம் தெரிவிக்கவும். தங்கள் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாகப் படித்து, யார் கூப்பிட்டாலும் யோசித்துக் கிளம்புகிற புத்தியோடு நூறாண்டு வாழ அம்மனை வேண்டும்,

தங்கள் அன்பு மறவாத, ஆனால் கோபம் தணியாத,
சென்னகேசவன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துக் கவரில் போடப் போனேன். பஞ்சம்மாள் அடுப்படியில் இருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன எழுதினீர்கள் என்று கேட்கவில்லை. "கடலு ராத்திரி பகலா சத்தம் போட்டுக்கிட்டே இருக்குமாமே, நெசமா? அண்ணன் சொன்னாக. அந்தக் கரையே தெரியாதாமே? அப்ப அது எம்புட்டுப் பெருசு?" என்று கேட்டாள். ஐப்பசிக்குப் பிறகு அவளாக வந்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாயும் வரவில்லை. ஆகவே மேலே எழுதியதைத் தள்ளிவிட்டு இதை மட்டும் படிக்கவும்: வருகிற வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறோம். லிங்கய்யா ஒரு வேட்டி இரவல் கொடுத்திருக்கிறார். வந்ததும் சாப்பிடுங்கள், வெயில் தாழட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்றெல்லாம் அக்கா சொல்லக் கூடாது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே கடலுக்குத்தான் போகிறோம். சோறு அப்புறம்.